ரங்கப்பிள்ளை தெரு வீடு

காரைக்காலில் ஒரு பழைய வீட்டை முதலில் கட்டியவர் யார் என்று தேடினால் மூலப்பத்திரம் வரை போகலாம். அதற்கும் முன்னே பிரெஞ்சுக் காலத்து நோட்டரிப் பத்திரங்கள். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், நான்கு எல்லை, கிரயத் தொகை எல்லாம் கிடைக்கும். வீட்டுக்காரர் எதற்குக் கவலைப்பட்டார், யாருக்குப் பயந்தார் என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. அதையும் எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. அவர் வீடு புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 1738-இல் கட்டி முடிந்தது. கீழே முற்றமும் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்களுமாக நம்மூர் வீடு. மேலே சுண்ணாம்புத் தூண்களோடு பிரெஞ்சு வீடு. அவர் வாழ்ந்த வாழ்க்கையும் அப்படித்தான். 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளையைப் புதுச்சேரிக்கு வரவழைத்தவர் மைத்துனர் நைனியப் பிள்ளை. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அந்த நைனியப் பிள்ளை 1717-இல் பிரெஞ்சுக்காரர் சிறையிலேயே இறந்துபோனார். அதே பதவியில் பின்னாளில் கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் அமர்ந்தார் ஆனந்தரங்கர். மாமாவின் முடிவை அறிந்திருந்தும் அந்த நாற்காலியில் உட்கார எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1736 செப்டம்பரில் தினப்படி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வரவு, சரக்கு விலை, கவர்னர் பேச்சு, ஊர் வம்பு என்று அவர் விட்டது குறைவு. நம் காரைக்காலின் கதையும் அந்த நாட்களுக்குரியதுதான். தஞ்சை அரியணையை இழந்த சாகுஜி, உதவி கேட்டுப் பிரெஞ்சுக்காரருக்குக் காரைக்காலைத் தருவதாகச் சொன்னார். அரியணை திரும்பக் கிடைத்ததும் இழுத்தடித்தார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் ஆட்கள் கோட்டையைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரியில் ஊர் கவர்னர் துய்மாவின் கைக்கு வந்தது. அப்போது பிள்ளையின் வீடு புது வீடு.

1761 ஜனவரியில், ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுவதற்குச் சில நாட்கள் முன்பு, பிள்ளை காலமானார். கோட்டையும் நகரின் பெரும்பகுதியும் தரைமட்டமாயின. வீடு தப்பியது. குறிப்பேடுகள் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1846-இல் கலுவா மோன்பிரன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டுபிடித்துப் படியெடுத்தார். ஏரியல் என்பவர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகம் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதியது, தமிழில் அச்சேற அதற்குப் பிறகும் காத்திருந்தது.

காரைக்காலில் பழைய வீட்டை இடிக்கப்போகிறவர்கள் தயவுசெய்து முதலில் பரணையும் மரப்பெட்டியையும் பாருங்கள். கணக்கு நோட்டோ, பிரெஞ்சில் எழுதிய பத்திரமோ கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. அங்கே காட்டிக் கேளுங்கள்.