முட்டை வந்த வழி

வட்டக்கோட்டை மதிலில் நின்றால் ஒரு புறம் கடல், மறுபுறம் நாஞ்சில் நாட்டு மலைகள். திருவிதாங்கூர் கட்டிக் காத்த இந்தக் கரை, 1956 நவம்பர் 1-ல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காமராஜர் மதிய உணவு தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

அன்று கேள்வி ஒன்றே: பிள்ளையின் வயிறு நிறைந்ததா? 1982-ல் எம்.ஜி.ஆர். அந்தச் சாப்பாட்டைச் 'சத்துணவு' ஆக்கினார். பெயரில் சத்து வந்துவிட்டது. தட்டில் முட்டை விழ 1989 ஆயிற்று. அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று! வாரம் ஐந்தாவதற்குள் 2010 பிறந்துவிட்டது.

இதற்கிடையே டில்லியிலும் கணக்குப் பார்த்தார்கள். ஒரு வேளைக்கு 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-ல் மத்திய சர்க்கார் அதைத் திருத்தி, தொடக்கப் பள்ளிக்கு 450 கலோரி, 12 கிராம் என்றது. கலோரிக்கென்ன, இன்னொரு கரண்டி சோறு போட்டால் ஏறிவிடும். புரதம் அப்படி ஏறுமா? நெல் விளையும் நாட்டான் நான், சோற்றைப் பழிக்கவில்லை. ஆனால் அந்த 12 கிராமில் பாதியை ஒரு முட்டை கொடுத்துவிடுகிறது.

முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். வாழை எங்கள் பக்கத்துப் பெருமைதான். ஆனால் முட்டையில் 6 கிராம் புரதம். பழத்தில் ஏறக்குறைய 1 கிராம்.