கொட்டகையும் வீடும்

புதிய படங்களைக் கொட்டகைக்குச் சென்று காண்பதா, வீட்டிலிருந்தே காண்பதா என்னும் வழக்கு இக்காலத்தில் எழுந்ததென்று பலர் எண்ணுகின்றனர். சரித்திரத்தை நோக்குமிடத்து, அது சினிமாவோடு உடன்பிறந்த வழக்கென்பது விளங்கும்.

1894-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி, நியூயார்க் நகரில் எடிசனாரின் அசையும் படப் பெட்டிகள் காசுக்குக் காட்டப்பட்டன. பெட்டிக்கு ஒருவர் குனிந்து, துவாரத்தின் வழியே தனியே பார்த்து விலக வேண்டும். மறு வருஷம் டிசம்பர் 28-ந் தேதி, பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் படங்களைத் திரையில் வீழ்த்திக் கட்டணம் செலுத்திய பலர் ஒருங்கே காணச் செய்தனர். தனியொருவர் காட்சி சபையின் காட்சியாயிற்று.

தமிழ்நாட்டில் அச்சபையைக் கூட்டியவர்களுள் முதன்மையானவர் சாமிக்கண்ணு வின்சென்ட். தென்னிந்திய ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த அவர், 1905-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். அந்நாளில் ஆலயத்துள் நுழையவும் பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும் ஜாதி கேட்கப்பட்டது. கொட்டகை வாயிலில் கேட்கப்பட்டதோ காசு. தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் பேதம் அங்கிருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காசு தேடினால் வரும். பிறப்பைத் தேடி மாற்றிக்கொள்ள எவராலும் இயலாது.

மலாயாத் தோட்டங்களில் திடலே கொட்டகை. கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். லயத்து ஜனங்கள் பாய் விரித்து அமர்வர். 1946-ல் தோன்றிய மலாயாப் படப் பிரிவின் படங்களும் நடமாடும் வண்டிகளில் வந்து இவ்வாறே காட்டப்பட்டன.

வீட்டுச் சினிமாவும் பழையதே. 1922-ல் பிரான்ஸ் தேசத்துப் பாத்தே கம்பெனி வீடுகளுக்கென்றே சிறு படக்கருவியை விற்றது. 1963-ல் சிங்கப்பூரில் பிப்ரவரி 15-ந் தேதியும், மலேசியாவில் டிசம்பர் 28-ந் தேதியும் தொலைக்காட்சி தொடங்கியது. பாரிஸில் சபை கூடிய அதே தேதியில் இங்கே சபை கலையத் தொடங்கிற்று எனலாம். 1980-களில் திருட்டு வீடியோ நாடாக்கள் பெருகி, நம் பட்டணங்களில் பல கொட்டகைகள் மூடப்பட்டன. 2020-ல் கொள்ளைநோய் எஞ்சியவற்றையும் அடைத்தது; அவ்வருஷம் மே 29-ந் தேதி 'பொன்மகள் வந்தாள்' கொட்டகையைக் காணாமலே இணையவழி வீடு புகுந்தது. 2021-ல் பொங்கலுக்குக் கொட்டகைக்கு வந்த 'மாஸ்டர்' அம்மாதம் முடியுமுன்னரே வீட்டிற்கும் வந்துவிட்டது.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமன்று. விடியலில் பால்மரம் வெட்டி, மாலையில் அடுப்பூதும் பெண்ணுக்கும், நடக்கவியலாத முதியோருக்கும் கொட்டகை எட்டாத தூரமாகவே இருந்தது. வீட்டுத் திரை அவர்களுக்கு உரிமை வழங்கிற்று. அவ்வுரிமையைப் பறித்துக் கொட்டகையை வாழ்விக்க வேண்டுமென்று நாம் கூறோம்.

நாம் அஞ்சுவது வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் பலர் அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டனர். அண்டைவீட்டார் பெயரும் அறியாத வாழ்வு அது. அங்கே ஒரே குடும்பத்தில் நால்வர், நான்கு கைப்பேசிகளில் குனிந்து நான்கு படங்களைக் காண்கின்றனர். எடிசனாரின் பெட்டியண்டை மீண்டும் வந்து நிற்கின்றோம்!

சபையைக் கூட்டக் கொட்டகை முதலாளிதான் வேண்டுமென்பதில்லை. மாதம் ஒருமுறை அண்டைவீட்டாரை அழைத்து, நல்லதொரு படத்தை உடனிருந்து கண்டு, அதன் குணதோஷங்களைப் பேசுவோமாக. அழைக்கும்போது ஜாதி கேளாதிருப்போமாக. பெண்டிர் அடுக்களையில் நில்லாது முன்வரிசையில் அமரட்டும். திடலில் பாய் விரித்த நம் முன்னோர் செய்தது இவ்வளவே.