பெங்களூரின் புற்றுநோய்ப் பதிவேடு

நேருவின் மந்திரி சபையில் முதலில் தபால் தந்தி இலாகாவையும் பின்னர் உணவு இலாகாவையும் நிர்வகித்து 1954-இல் காலமான ரஃபி அகமது கித்வாயின் ஞாபகார்த்தமாக, பெங்களூரில் 1973-ஆம் ஆண்டு ஒரு புற்றுநோய் வைத்திய ஸ்தாபனம் ஏற்பட்டது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-லேயே தோன்றிவிட்டது. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் சென்னை அடையாற்று நிலையம் 1954-இல் எழுந்தது. அவற்றுக்குப் பின் வந்த கித்வாய் ஸ்தாபனம், கன்னட நாட்டாருக்கு மட்டுமின்றி, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்க்கும் புகலிடமாயிற்று.

அங்கே நடந்த சிகிச்சைக்குச் சற்றும் குறையாத உபகாரம், 1982 முதல் பேணப்பட்டு வரும் புற்றுநோய்ப் பதிவேடு. புற்றுநோயைக் கண்ட வைத்தியர் அரசாங்கத்துக்கு அறிவித்தே தீரவேண்டும் என்ற சட்டம் இல்லாத அக்காலத்தில் விவரங்கள் தாமாக வந்து சேரா. ஆகையால் பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனைகளையும் பரிசோதனைக் கூடங்களையும் ஏறி இறங்கி, நோயாளி ஓராண்டுக் காலமாவது நகரத்தில் வசித்தவர்தானா என்று விசாரித்து, பல பாஷைகள் புழங்கும் ஊரில் ஓரிடத்தில் லட்சுமியம்மாள் என்றும் மற்றோரிடத்தில் லக்ஷ்மம்மா என்றும் எழுதப்படக்கூடிய ஒரே ஸ்திரீயை இருவராக எண்ணிவிடாதபடி ஒப்புநோக்கி, கடைசியில் மரணப் பதிவேட்டோடும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

இப்படி வருஷந்தோறும் சேர்ந்த கணக்கு ஓர் அரிய மாறுதலைக் காட்டிற்று. எண்பதுகளில் பெங்களூர்ப் பெண்களிடையே முதலிடம் வகித்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். அது படிப்படியாகத் தணிய, மார்பகப் புற்றுநோய் ஏறி, நாளடைவில் முதலிடத்தைப் பிடித்தது. தாமதமான விவாகம், குறைந்த பிரசவங்கள், சுருங்கிய தாய்ப்பால் காலம், கூடிய உடற்பருமன், நீண்ட ஆயுள் ஆகிய நகர வாழ்வின் லட்சணங்கள் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

நோய் பெருகியது ஒருபுறமிருக்க, அது முற்றிய பிறகே பலர் வைத்தியரை நாடினார்கள் என்பதே பெரிய துயரம். மார்பில் தோன்றும் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாததையே நல்ல சகுனமாகக் கொண்டு, கூச்சமும் வீட்டு வேலையும் சேர்ந்து மாதங்களைக் கடத்திவிட, தோல் ஆரஞ்சுத் தோலைப்போல் குழிவிழுந்து, அக்குளிலும் நெறி கட்டிய பிறகே ஆஸ்பத்திரிப் படி ஏறுவது வழக்கமாயிற்று.

முன்கூட்டிக் கண்டறிதலின் பயனைச் சோதிக்க, டாட்டா மருத்துவர்கள் 1998-இல் பம்பாயில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சுமார் ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பரிசோதனை செய்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்கு உட்பட்டவரிடையே அத்தகைய பயன் தெரியவில்லை. ஆயினும் எந்த வயதிலும் புதிய கட்டியையோ, காம்பில் கசியும் இரத்தத்தையோ கண்டால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்வது அவசியம்.

முன்கூட்டிக் கண்டறிதல் நோயைத் தடுப்பதன்று. ஒருத்தியின் பெயர் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறுவதை அது நிறுத்தாது. அந்நோயையே காரணமாகக் காட்டி அதே பெயர் மரணப் பதிவேட்டிலும் ஏறாமல் தடுப்பதற்கே அது உதவும். அந்த உதவி பெங்களூரில் எவ்வளவு தூரம் பலித்தது என்பதையும் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்கே சொல்ல வேண்டும்.