விழாக்கள் பிறந்த கதை – 9: கதவைத் தட்டும் இரவு

அக்டோபர் முடியும்போது அயர்லாந்தில் புல் வளர்வது நின்றுவிடும். கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆட்கள் கீழே இறங்குவார்கள். குளிர்காலம் தாண்டும்வரை எத்தனை உருப்படிக்குத் தீவனம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, மிஞ்சியதை அறுத்து இறைச்சியை உப்பிட்டு வைப்பார்கள். குத்தகை கட்டுவதும், கூலியாட்களுக்குக் கணக்கு முடிப்பதும் அந்த நாட்களில்தான். இன்று பேய் முகமூடிகளோடு உலகம் கொண்டாடும் ஹாலோவீனின் கதையை இந்த மாட்டுக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அயர்லாந்து மக்கள் அந்தப் பண்டிகையைச் சவ்வின் என்றார்கள். பழைய கேலிக் வழக்கப்படி நாள் என்பது மாலையில் பிறக்கும். எனவே அக்டோபர் 31 பொழுது சாய்ந்ததுமே நவம்பர் முதல் நாளின் பண்டிகை தொடங்கிவிடும். வெளிச்சமான பாதி ஆண்டு முடிந்து இருண்ட பாதி தொடங்கும் இரவு அது. இடைக்கால ஐரிஷ் கதைகளில் பெரிய விபரீதங்கள் பலவும் இந்த இரவில்தான் நடக்கின்றன. அன்று மண்மேடுகள் திறந்துகொள்ளும், மறு உலகத்தார் வெளியே வருவார்கள். டாரா குன்றில் அரசவை கூடியிருக்கும்போது ஐலன் என்ற மாயாவி ஆண்டுதோறும் இசை மீட்டி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டு அரண்மனையைக் கொளுத்திவிட்டுப் போவானாம். இளைஞன் ஃபின் மக்கூல் தன் ஈட்டி முனையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, அந்த வலியில் விழித்திருந்து அவனைக் கொன்றான்.

டாராவிலேயே 5,000 ஆண்டுகள் பழைமையான கல்லறை மேடு ஒன்று இருக்கிறது. பிணையாளிகளின் மேடு என்று பெயர். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் உதிக்கும் திசையை நோக்கி அதன் குறுகிய வழி அமைந்திருக்கிறது. அங்கிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டரில் ஆத்பாய் ஊரருகே டிலாக்டா என்ற குன்று. சவ்வின் இரவில் அங்கே பெருந்தீ மூட்டினார்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் எழுதிவைத்தார்.

இதற்கு மேல் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள்: பழைய பண்டிகையை அழிக்க முடியாத திருச்சபை, அதே தேதியில் புனிதர் அனைவர் திருநாளை வைத்துவிட்டது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை. 609இல் போப் நான்காம் போனிபாஸ் ரோமின் பாந்தியன் கோவிலை மாதாவுக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தது மே 13ஆம் தேதி. பிறகு 8ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரெகரி புனிதர் அனைவருக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835இல் பேரரசர் லூயி தன் நாடு முழுக்க அந்தத் திருநாள் நவம்பர் 1 என்று அறிவித்தார். இன்றைய பிரான்ஸ், ஜெர்மனியின் பெரும்பகுதி அவரது நாட்டில் அடங்கும். அயர்லாந்துத் திருச்சபையோ அக்காலத்தில் புனிதர் அனைவரையும் ஏப்ரல் 20 அன்று நினைவுகூர்ந்தது. சவ்வினை விழுங்க வந்த தேதி என்றால் அயர்லாந்தில் அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் எழுப்பும் இந்தக் கேள்விக்கு இதுவரை சரியான பதிலை நான் படித்ததில்லை.

998ஐ ஒட்டி குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, இறந்தோர் அனைவருக்கும் நவம்பர் 2ஐ ஒதுக்கினார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்று கல்லறைகளைக் கழுவி, மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அந்தக் கல்லறைத் திருநாள் இதுதான்.

தேதிகளைத் தீர்மானித்தவர்கள் போப்புகளும் பேரரசர்களும். பண்டிகையைச் சுமந்து வந்தவர்கள் ஏழைகள். இங்கிலாந்தில் நவம்பர் தொடக்கத்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய் நிற்பார்கள். வீட்டுக்காரர் சிறிய ரொட்டி கொடுப்பார். வாங்கியவர் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார். ஆன்ம ரொட்டி என்று அதற்குப் பெயர். 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் இறந்தோருக்கான வேண்டுதலையே தடுத்த பிறகும் சில மாவட்டங்களில் கதவு தட்டல் நிற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக் கிழக்கில் நடந்தது இன்னும் சுவையானது. வெள்ளைத் துணி போர்த்திய ஒருவர் ‘வெண்குதிரை’யாக முன்னே நடக்க, இளைஞர்கள் மாட்டுக் கொம்பு ஊதிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார்கள். மக் ஒல்லா என்ற பெயரால் வெண்ணெய், முட்டை, தானியம் கேட்டார்கள். கொடுத்த வீடு செழிக்கும். கொடுக்காத வீட்டுக்கு ஆகாது. இந்தக் கூட்டத்துக்குப் பயந்தும் மதித்தும் பண்ணைக்காரர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்துச் சிறுவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு போனார்கள். பாட்டோ வேடிக்கையோ செய்து காட்டினால்தான் அவர்களுக்குப் பழமும் கொட்டையும் கிடைக்கும்.

அயர்லாந்து வீடுகளுக்குள்ளே பெண்களின் ஆட்சி. மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோசும் வெண்ணெயும் கலந்து கோல்கேனன் செய்வார்கள். உலர்திராட்சை போட்ட பார்ம்பிராக் ரொட்டிக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி, பட்டாணி என்று ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டில் கல்யாணம். பட்டாணி வந்தால் அந்த ஆண்டு இல்லை. காசுக்குச் செல்வம், கந்தலுக்கு வறுமை. குளிர்காலத்தைத் தாண்டுவோமா என்ற பயம் நிஜமாக இருந்த வீடுகளில் இது வெறும் விளையாட்டாக இருந்திருக்காது. ஓவியர் டேனியல் மக்லிஸ் 1833இல் வரைந்த ‘ஸ்னாப் ஆப்பிள் இரவு’ ஓவியத்தில், தொங்கும் ஆப்பிளைக் கைபடாமல் கடிக்க முயலும் கூட்டத்தைப் பார்க்கலாம். இறந்தோருக்கான அந்தத் திருநாள் இரவில் பல வீடுகளில் கதவைத் தாழிடாமல், அடுப்பில் தீயும் மேசையில் தண்ணீரும் வைத்துவிட்டுப் படுப்பார்கள். வருவது சொந்த ஆத்தாளும் அப்பனும்தானே!

சவ்வினுக்குப் பிறகு முட்புதரின் கருநிறப் பழங்களைப் பறிக்கக் கூடாது, பூக்கா என்ற ஆவி அவற்றில் துப்பிவிட்டது என்று குழந்தைகளை மிரட்டுவார்கள். உறைபனி பட்டுக் கெட்ட பழத்தைத் தின்னாமல் தடுக்க இதைவிட நல்ல வழி உண்டா?

அந்த வீடுகளில் விளக்காக எரிந்தது பூசணி இல்லை, டர்னிப் கிழங்கு. டோனகல் மாவட்டத்து ஃபின்டவுனில் செதுக்கப்பட்ட ஒரு டர்னிப் முகத்தின் அச்சு வார்ப்பு மேயோ மாவட்டத்து நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழி விழுந்த கண், கோரைப்பல், சுருங்கிய தோல். கடைகளில் விற்கும் சிரித்த பூசணி அதன் முன்னால் குழந்தைப் பொம்மை.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அதே அளவினர் கப்பலேறினார்கள். கோல்கேனனுக்குக் கிழங்கில்லாத மக்கள் அமெரிக்காவில் இறங்கியபோது பண்டிகை அவர்களோடு இறங்கியது. அங்கே டர்னிப்பைவிடப் பெரிதாகவும் எளிதாகக் குடையத் தக்கதாகவும் பூசணி கிடைத்தது.

அமெரிக்காவில் இளைஞர்களின் குறும்பு கட்டுமீறிப் போனதால், ஊர்ப் பெரியவர்கள் ஊர்வலமும் விருந்தும் வைத்து அவர்களை இழுத்துப் பிடித்தார்கள். மினசோட்டா மாநிலத்து அனோகா நகரம் 1920இல் அப்படித் தொடங்கியது. ‘மிட்டாய் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா’ என்று சிறுவர்கள் கேட்டது 1920களில் மேற்குக் கனடாவின் செய்தித்தாள்களில் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைக் கட்டுப்பாடு 1947இல் நீங்கியதும் அந்தக் கேள்வி அமெரிக்கா எங்கும் பரவியது. மிட்டாய் நிறுவனங்கள் உடனே புகுந்துகொண்டன என்பது எல்லாருக்கும் தெரிந்த குற்றச்சாட்டு. ஆனால் 1950இல் ஃபிலடெல்ஃபியா பகுதியில் சிறுவர்கள் காலிப் பால் அட்டைப் பெட்டிகளை ஏந்திக் கதவுகளைத் தட்டினார்கள். மிட்டாய் கேட்கவில்லை, போரில் நலிந்த நாடுகளின் குழந்தைகளுக்காக யுனிசெஃபுக்குக் காசு கேட்டார்கள். இன்றும் ஹாலோவீன் இரவில் அந்த வசூல் நடக்கிறது.

(தொடரும்)