மூக்கில் கொம்புள்ள ஓணான்கள்

இலங்கையின் நக்கிள்ஸ் மலைக்காடுகளில் ஏலத்தோட்டங்களின் நிழலில் ஓர் ஓணான் வாழ்கிறது. அதன் மூக்கு நுனியில் இலைபோல் தட்டையான சதைக்கொம்பு. 1861இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஆல்பர்ட் குந்தர். அவர் இருந்த இடமோ லண்டன், பிரிட்டிஷ் அருங்காட்சியகம்! பெயரில் இடம்பெற்றவரோ, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட்.

தொலைவிலிருந்தே பெயர் சூட்டுவதுதான் அக்காலத்து வழக்கம். ஓணானைப் பிடித்துச் சாராயப் புட்டியில் இட்டுக் கப்பலேற்றுவார்கள். சாராயத்தில் நிறம் மங்கிவிடும். குணமும் நடையும் புட்டிக்குள் வராது. மிஞ்சுவது செதில், கொம்பு, உடல் அளவு. அவற்றை வைத்தே ஓர் இனத்தின் சாதகம் எழுதப்பட்டது. நுவரெலியாப் பக்கத்து ஊசிக்கொம்பு ஓணானை ஜான் எட்வர்ட் கிரே 1830களிலேயே விவரித்திருந்தார். 1864இல் குந்தர் மூன்றாவது கொம்பு ஓணான் இனத்தையும் சேர்த்தார்.

பிறகு 134 ஆண்டுகள் இந்த ஓணான்கள் அடங்கிய பேரினத்தில் ஒரு புது வரவும் இல்லை.

1998இல் ரோகன் பெத்தியகொடவும் கெலும் மனமேந்திர ஆராச்சியும் இறக்குவானை மலைகளிலிருந்து ஒரே கட்டுரையில் இரண்டு இனங்களை அறிவித்தார்கள். இம்முறை விவரித்தவர்கள் இலங்கையர். அவற்றுள் ஒன்றுக்குக் கொம்பு பெயரளவுக்குத்தான். அவ்வினத்தின் சில ஓணான்களுக்கு அதுவும் இல்லை. கொம்பை வைத்தே அடையாளம் கண்ட பழைய கணக்கு இங்கே தடுமாறியது. 2002இல் வெளியான மரபணு ஆய்வு இன்னும் சுவையானது: இந்தக் கொம்புகள் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்தல்ல, தனித்தனியே பலமுறை முளைத்தவையாம். ஆறாவது இனம் 2020இல் பதிவானது.