கரப்பானும் தாய்ப்பாலின் மேல் விழுந்த பழியும்

போன மாதம் என் பேத்தி ஐந்து மாதக் கைக்குழந்தையோடு குமாரபாளையம் வந்திருந்தாள். குழந்தைக்கு இரண்டு கன்னமும் சிவந்து, சொரசொரவென்று பொருக்குத் தட்டியிருந்தது. டாக்டர் எக்ஸிமா என்று சொல்லிக் களிம்பு கொடுத்திருக்கிறார். எங்கள் தெருப் பெரியம்மாக்கள் எட்டிப் பார்த்து, "இது கரப்பானுங்க" என்றார்கள். அடுத்த கேள்வி பேத்தியிடம்: "நீ என்ன கண்ணு சாப்பிட்ட?"

அந்தக் கேள்வி என்னை 1977-க்குக் கொண்டுபோய்விட்டது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு எழுத்தராக இருந்தவன். மனைவிக்குத்தான் குமாரபாளையம் சொந்த ஊர். தலைப்பிரசவத்துக்கு வந்தவள் இங்கே தங்கியிருந்தபோது, மூன்றாம் மாதத்தில் எங்கள் மகளுக்குக் கரப்பான் வந்தது.

என் மாமியார் வைத்தியத்தை உடனே தொடங்கினார். அருகம்புல்லை இடித்துச் சாறு பிழிந்து, தேங்காய் எண்ணெயில் விட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி இறக்கினார். குளிப்பாட்ட வெதுவெதுப்பான தண்ணீர்தான், சோப்பு கூடாது. ஈரம் காயும் முன்பே எண்ணெய் தடவினார். தறிக்கார வீட்டில் புதுத்துணிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் குழந்தைக்குத் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டியைத்தான் சுற்றினார். "புதுத்துணியில பாவுக் கஞ்சியும் சாயமும் இருக்கும் மாப்பிள்ளை, பிஞ்சுத் தோல் தாங்காதுங்க" என்றார்.

இது வெளி வைத்தியம். உள் வைத்தியம் என் மனைவிக்கு! கத்தரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை எல்லாம் கரப்பான் பண்டம் என்று நிறுத்தினார்கள். மிளகு ரசமும் சோறுமாக மாதக் கணக்கில் பத்தியம். பால் கொடுக்கிற உடம்பு துரும்பாக இளைத்தது. அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் பசிக்கிறது என்று ஒரு வரி இருந்தது. "அத்தை சொல்கிறபடியே நட" என்று நான் பதில் போட்டேன்.

படித்தவன் ஏன் அப்படி எழுதினேன்? நான் படித்த மொழியிலும் அதே பழி இருந்தது. குழந்தைகளின் இந்தப் பொருக்குக்குப் பிரெஞ்சில் 'குரூத் த லே' என்று பெயர். பால் பொருக்கு என்று பொருள். காவிரிக் கரையானாலும் பாரிஸானாலும் குழந்தையின் தோலில் ஏதாவது வந்தால் தாயின் பாலைத்தான் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

எக்ஸிமா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கொதித்துப் பொங்குதல் என்று அர்த்தம். 1892-ல் பாரிஸின் சேன் லூயி மருத்துவமனையைச் சேர்ந்த எர்னஸ்ட் பெனியே என்ற மருத்துவர் இந்த அரிப்பு நோயைக் கவனித்து எழுதினார். ஆஸ்துமாவும், பருவத்தில் வரும் தும்மலும் உள்ளவர்களின் குடும்பங்களில் இது சேர்ந்தே வருகிறது என்று கண்டார். 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள். தோலை அரணாகக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் தோல் ஈரத்தைத் தக்கவைக்க முடிவதில்லை. வெளியிலிருந்து அழற்சி தருபவை எளிதாக உள்ளே நுழைகின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் இதே காரணம் என்றில்லை. ஆனால் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பாவுக்கு ஆயுள் முழுக்க இளைப்பு. எனக்குச் சிறுவயதில் முழங்கால் மடிப்பில் ஓயாத சொறி. மனைவி வீட்டில் யாருக்கும் இவை இல்லை. பரம்பரையில் வந்தது என்றால் என் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பட்டினி கிடந்தது அவள்.

மாமியாரின் வெளி வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2014-ல் பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் சோதித்தபோது, மினரல் எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்தது. சோப்பைத் தவிர்த்ததும் நைந்த பருத்தித் துணியும் இன்றைய மருத்துவர்களும் சொல்வதுதான். ஆனால் எண்ணெயைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவது வேறு கதை. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட 13 குழந்தைகள் வாந்தியும் வலிப்புமாக வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். நம் வீடுகளில் இன்னும் அந்தச் சங்கு இருக்கிறது.

பேத்தியிடம் சொன்னேன்: "எண்ணெய் தடவு, பழைய துணி போடு, டாக்டர் கொடுத்த களிம்பை நிறுத்தாதே. நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே அவரிடம் போ. அவர் சொன்னால் ஒழிய எந்த உணவையும் ஒதுக்காதே."

அன்று மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. பேத்திக்கு இரண்டாம் முறை நானே ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "இப்பத்தானுங்களா தெரியுது?"