எல்லை காத்த இளவரசன்

பிராங்கியப் பேரரசன் சார்லமேன் தன் நாட்டின் எல்லைப்புறங்களைக் காக்கத் தனித் தலைவரை அமர்த்தினான். அவருள் பிரெத்தன் எல்லைக்குத் தலைவனாயிருந்த ரோலந்து 778ஆம் ஆண்டில் பிரனீஸ் மலைக் கணவாயில் மாண்டான். பிற்காலத்துப் பாட்டொன்று அவன் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பிற்று. அத்தகைய எல்லைக் காவலன் ஒருவன் தமிழகத்திலும் வாழ்ந்தான். முதற் பராந்தக சோழனின் மூத்த மைந்தன் இராசாதித்தனே அவன்.

சோழர் வடக்கே பாணரையும் வைதும்பரையும் வென்றனர். நாடிழந்த அக்குறுநில மன்னர்க்கு இராட்டிரகூடர் துணைநின்றனர். அவர்தம் தலைநகர் மானியகேடம், ஹப்சிகுடாவில் வாழும் நமக்கு அயலூர் அன்று. 1956 வரை ஐதராபாத் இராச்சியத்தில் அடங்கியிருந்து, இன்று கருநாடக மாநிலக் கலபுரகி மாவட்டத்தில் உள்ள மால்கேடே அஃது. அங்கிருந்து வரக்கூடிய படையெடுப்பை எதிர்நோக்கியே, பராந்தகன் தன் மகனைப் பெரும்படையுடன் பெண்ணையாற்றங்கரைத் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தினான் என்பர். இளவரசன் திருநாவலூரில் தங்கினான். அவ்வூர்ச் சிவன் கோயில் இராசாதித்தேச்சுரம் எனப் பெயர் பெற்றது.

அவன் படையில் மலைநாட்டார் பலர் இருந்தனர். படைத்தலைவன் வெள்ளங்குமரனும் மலைநாட்டுப் புத்தூரினனே. பிழைப்பு நாடி வந்தவன் வந்த நாட்டையே தன் நாடாகக் கொண்டான். 943ஆம் ஆண்டில், பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் சிவபெருமானுக்குக் கற்றளி எழுப்பினான்.

949இல் மூன்றாம் கிருட்டிணன் படையெடுத்து வந்தான். அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள தக்கோலத்தில் போர் மூண்டது. யானைமீதிருந்து பொருத இராசாதித்தன் அங்கேயே வீழ்ந்தான். கங்கன் பூதுகனே அவனைக் கொன்றான் என ஆதகூர்க் கல்வெட்டுக் கூறும். தமிழ்க் கல்வெட்டுகளோ அவனை ‘யானைமேல் துஞ்சின தேவர்’ எனப் போற்றின. தொண்டைமண்டலம் பல்லாண்டுகள் சோழர் கைவிட்டுப் போயிற்று.

இனி நெஞ்சை உருக்கும் செய்தி ஒன்று. இராசாதித்தனிடம் பணிபுரிந்த மலைநாட்டான் ஒருவன், தலைவனோடு தானும் களத்தில் மடியாமற் போனதற்கு நொந்து, கங்கையாடித் துறவு பூண்டான். திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் எனும் பெயருடன் வாழ்ந்தான். இதனை அவ்வூர்க் கல்வெட்டே உரைக்கின்றது. வெள்ளங்குமரனே அத்துறவி என்பர் அறிஞர் சிலர். வியப்பு யாதெனில், அக்கல்வெட்டுப் பொறிக்கப்பெற்றது வெற்றி பெற்ற கிருட்டிணனின் ஆட்சியாண்டில்! பகைவன் ஆண்ட மண்ணிலும் மாண்ட தலைவனின் பெயர் கல்லில் நின்றது.

அன்பர்களே! ரோலந்தைப் பாட்டு வாழ்வித்தது. இராசாதித்தனை வாழ்வித்ததில், அயல்நாட்டிலிருந்து வந்து அவன் உப்பை உண்டவனின் நன்றிக்கும் பங்குண்டு. பிறந்த மண்ணை நீங்கி வந்து வாழும் நாம் மறவாது போற்றத்தக்க வரலாறு இஃது.